கொழும்பில் கடை நடத்துபவர்களுக்கு: இணைய விபரக்கொத்துகளில் உங்கள் பதிவை மேலே கொண்டுவரும் முழுமையான வழிகாட்டி

வெள்ளவத்தையில் சாரி பிளவுஸ் தைக்க ஒரு கடை வேண்டும் என்று யாரோ போனில் தேடுகிறார். திரையில் ஒரு வரைபடம், அதன் கீழ் மூன்று கடைகள். அவற்றுக்கும் கீழே கடைகளின் பெயர், முகவரி, இலக்கங்களைத் தொகுத்துத் தரும் விபரக்கொத்துத் தளங்கள், பேஸ்புக் பக்கங்கள், ஒன்றிரண்டு கடைகளின் சொந்த இணையத்தளங்கள். தேடுபவர்களில் பலர் அந்த மூன்றில் ஒன்றுக்குப் போன் எடுத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். நான்காவது கடைக்காரர் எவ்வளவு அழகாகத் தைத்தாலும் அவருக்கு அந்த அழைப்பு வராது.

பின்னால் நிற்பதற்குக் காரணம் விளம்பரத்துக்குக் காசு போடாததுதான் என்று பலர் நினைக்கிறார்கள். கொழும்பைப் பொறுத்தவரை முதற்காரணம் பெரும்பாலும் வேறு. ஒரே கடை இணையத்தில் மூன்று நான்கு கடைகளாகச் சிதறிக் கிடக்கிறது. பெயர்ப்பலகையில் ஒரு பெயர், பேஸ்புக்கில் இன்னொன்று, பழைய விபரக்கொத்தில் இப்போது யாரும் எடுக்காத லேண்ட்லைன் இலக்கம், வரைபடத்தில் பக்கத்து ஒழுங்கையில் குத்தப்பட்ட புள்ளி. இவை எல்லாம் ஒரே கடைதான் என்று தேடுபொறிக்கு யார் சொல்வது? இந்த வழிகாட்டியின் பாதி அதைச் சரிசெய்வது பற்றியது. மீதிப் பாதி பொறுமையாகச் செய்ய வேண்டிய வேலை.

உதாரணத்துக்கு ஒரு கடையை வைத்துக்கொள்வோம்: டபிள்யூ.ஏ. சில்வா மாவத்தையில், ஒரு கட்டடத்தின் முதலாம் மாடியில், பெண்களுக்கான தையல் கடை. நகைக்கடை, பார்மசி, உதிரிப்பாகக் கடை, ரியூஷன் நிலையம் எதுவானாலும் படிகள் இவைதான்.

கூகுள் எதைப் பார்த்து வரிசைப்படுத்துகிறது

உள்ளூர்த் தேடலில் மூன்று விஷயங்களைப் பார்ப்பதாகக் கூகுளே வெளிப்படையாகச் சொல்கிறது. தேடிய சொல்லுக்கு உங்கள் பதிவு எவ்வளவு பொருந்துகிறது, தேடுபவருக்கும் கடைக்கும் இடையே எவ்வளவு தூரம், கடை எவ்வளவு அறியப்பட்டது. காசு கொடுத்து இந்த வரிசையில் மேலே வர முடியாது என்பதையும் அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். விளம்பரம் வேறு, அது விளம்பரம் என்ற அடையாளத்தோடுதான் வரும்.

தூரத்தை நீங்கள் மாற்ற முடியாது. 2021 டிசம்பரில் வந்த ஒரு மாற்றத்தில் தூரத்தின் எடை இன்னும் கூடியது. இத்துறையினர் அதை ‘விசினிட்டி’ என்று அழைக்கிறார்கள். அதற்கு முன் வெள்ளவத்தைக் கடை ஒன்று கொட்டாஞ்சேனையில் தேடுபவருக்கும் தெரிந்திருக்கலாம். இப்போது அது கடினம். ஆகவே கொழும்பு 15 வரை முழு நகரத்திலும் முதலிடம் என்று யாராவது வாக்குக் கொடுத்தால், அவரிடம் காசு கொடுக்க வேண்டாம். உங்கள் பகுதியிலும் அதை ஒட்டிய பகுதிகளிலும் முன்னுக்கு நிற்பதுதான் நியாயமான இலக்கு.

ஒரு விதிவிலக்கு உண்டு. தேடுபவர் இடத்தின் பெயரையே தட்டினால் கூகுள் அந்த இடத்தை வைத்துத் தேடும். டொரன்டோவிலோ லண்டனிலோ இருந்துகொண்டு, ஆகஸ்ட் விடுமுறைக் கல்யாணத்துக்கு வர முன்னரே வெள்ளவத்தையில் தையல் கடை பார்த்துவைக்கும் உறவினர்கள் அப்படித்தான் தேடுகிறார்கள். அவர்களை மறந்துவிடாதீர்கள், கீழே பல இடங்களில் வருவார்கள்.

முதற்படி: ஒரு தாளில் கடையின் அடையாளத்தை எழுதுங்கள்

கணினியைத் திறக்க முன் ஒரு தாளை எடுங்கள். பெயர், முகவரி, தொலைபேசி, திறக்கும் நேரம், இணையத்தளம். இனி எங்கே பதிந்தாலும் இந்தத் தாளில் உள்ளதை எழுத்துக்கு எழுத்து அப்படியே இட வேண்டும்.

பெயரில் ஆரம்பிப்போம். பெயர்ப்பலகையில் பெரிதாக உள்ள பெயர், பில் புத்தகத்தில் உள்ள பெயர், பி.ஆர். (வியாபாரப் பதிவு) சான்றிதழில் உள்ள பெயர் ஆகிய மூன்றும் ஒன்றாக இருந்தால் பிரச்சினை இல்லை. பி.ஆர். அப்பாவின் பெயரில் ‘அன்ட் சன்ஸ்’ என்று இருக்க, பலகையில் மட்டும் புதுப்பெயர் இருந்தால், வாடிக்கையாளர் அறிந்த பலகைப் பெயரையே எடுங்கள். கூகுளின் விதியும் அதுதான்: நிஜ உலகில் கடை எப்படி அறியப்படுகிறதோ அதே பெயர். ‘பெஸ்ட் லேடீஸ் டெய்லர் வெள்ளவத்தை கொழும்பு 06’ என்று பெயரோடு வால் ஒட்டுவது விதிமீறல். சில காலம் அது வேலை செய்யும் என்பதை மறுக்கவில்லை. போட்டிக் கடைக்காரர் ஒருவர் முறையிட்டால் பெயர் வெட்டப்படும், சிலவேளை பதிவே முடக்கப்படும். தீபாவளிக்கு முந்திய கிழமையில் அப்படி நடந்தால் நட்டம் யாருக்கு?

மூன்று மொழிப் பலகையானால் ஆங்கில எழுத்தில் ஒரு வடிவத்தைத் தெரிவுசெய்து அதையே எல்லா இடத்திலும் பாவியுங்கள். நம் பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டல் ஆளுக்கு ஆள் மாறும். லக்ஷ்மி என்ற பெயரை எத்தனை விதமாக எழுதலாம் என்று எழுதிப் பாருங்கள், புரியும். தமிழ் வடிவத்தை விளக்கத்திலும் படங்களிலும் உங்கள் சொந்தத் தளத்திலும் வையுங்கள்.

அடுத்தது முகவரி. கொழும்பில் பலர் தடுக்கி விழும் இடம் இதுதான். வீதிகளின் பெயர்கள் மாறின, மக்களின் நாக்கு மாறவில்லை. டபிள்யூ.ஏ. சில்வா மாவத்தையை இன்னமும் ஹை ஸ்ட்ரீட் என்பார்கள். ஆர்.ஏ. டி மெல் மாவத்தை எல்லோர் வாயிலும் டூப்ளிகேஷன் ரோட். பௌத்தாலோக மாவத்தையை புல்லர்ஸ் ரோட் என்று சொல்லும் பெரியவர்கள் இருக்கிறார்கள். நாம் செட்டியார் தெரு என்பதை ஆங்கில வரைபடம் சீ ஸ்ட்ரீட் என்கிறது. கொம்பனித்தெருவை ஆங்கிலத்தில் இன்னமும் பலர் ஸ்லேவ் ஐலண்ட் என்கிறார்கள், புறக்கோட்டை பெட்டா ஆகிறது. வெள்ளவத்தை என்ற ஊர்ப்பெயரின் கடைசி எழுத்தே ஆங்கிலத்தில் இரண்டு விதமாக எழுதப்படுகிறது.

என்ன செய்வது? உத்தியோகபூர்வ வீதிப் பெயரை முகவரிப் பெட்டியில் இடுங்கள், பழைய பெயரை விளக்கத்தில் சொல்லுங்கள்: ‘முன்னைய ஹை ஸ்ட்ரீட், பஸ் தரிப்பிடத்துக்கு எதிரே.’ முகவரிப் பெட்டியில் இரண்டு பெயரையும் திணிக்க வேண்டாம். கொழும்பு 06 என்பதோடு தபால் குறியீடு 00600 என்று வரும், புறக்கோட்டை 01100, கொட்டாஞ்சேனை 01300. மாடி இலக்கத்தையும் கட்டாயம் எழுதுங்கள். புறக்கோட்டைக் கட்டடங்களில் ஒரே இலக்கத்தில் இருபது கடைகள் இருக்கும். மாடியும் கடை இலக்கமும் இல்லாவிட்டால் உங்கள் பதிவும் அடுத்த கடையின் பதிவும் ஒன்றாகக் கலக்கும் ஆபத்து உண்டு.

தொலைபேசி இலக்கம் ஒன்றை முதன்மையாக வையுங்கள். 011இல் தொடங்கும் லேண்ட்லைனா, கைபேசியா என்பது பெரிய விடயமல்ல. எல்லா இடத்திலும் ஒன்றே இருப்பதும், அடித்தால் யாராவது எடுப்பதும்தான் முக்கியம். +94 சேர்த்து, முன்னிருக்கும் பூச்சியத்தை விட்டு எழுதினால் வெளிநாட்டிலிருந்து அழுத்துபவருக்கும் வேலை செய்யும். வட்ஸ்அப் வேறு இலக்கத்தில் இருந்தால் அதைத் தனியாகக் குறிப்பிடுங்கள்.

இரண்டாம்படி: சிதறிக் கிடப்பவற்றைத் தேடிப் பிடியுங்கள்

கூகுளில் உங்கள் கடைப் பெயரைத் தேடுங்கள். பிறகு தொலைபேசி இலக்கத்தை மட்டும், பழைய இலக்கம் இருந்தால் அதையும். பிறகு முகவரியை. வரும் ஒவ்வொரு பக்கத்தையும் ஒரு அட்டவணையில் போடுங்கள்: தளம், அங்கே உள்ள பெயர், முகவரி, இலக்கம், யார் கணக்கில் உள்ளது, சரியா பிழையா.

நீங்கள் உருவாக்காத பதிவுகளும் வரும். விபரக்கொத்துகள் ஒன்றிடமிருந்து ஒன்று பிரதி எடுக்கின்றன. வாடிக்கையாளர்கள் வரைபடத்தில் தாமாகவே கடையைச் சேர்த்துவிடுகிறார்கள். முன்பு வேலை செய்த பையன் தன் சொந்த ஜிமெயிலில் கடையைப் பதிந்துவிட்டு இப்போது டுபாயில் இருப்பான். இதற்கு வழி இருக்கிறது. கூகுளில் அந்தப் பதிவைத் திறந்து உரிமை கோரும் வசதியை அழுத்தினால், தற்போதைய உரிமையாளருக்கு மின்னஞ்சல் போகும். அவர் சில நாட்களுக்குள் பதில் தராவிட்டால் நீங்களே உறுதிப்படுத்தி எடுத்துக்கொள்ள வாய்ப்புக் கிடைக்கலாம். இருந்தாலும் முதலில் பையனுக்கு ஒரு கோல் எடுத்துக் கேளுங்கள், பத்து நிமிடத்தில் முடியும்.

ஒரே கடைக்கு இரண்டு பதிவு இருந்தால், ரிவியூ அதிகமுள்ள பழையதை வைத்துக்கொண்டு மற்றதை இரட்டைப் பதிவு என்று அறிவியுங்கள். ‘நிரந்தரமாக மூடப்பட்டது’ என்று குறிக்க வேண்டாம். அந்தச் சிவப்பு வரியைப் பார்த்துக் கடையே மூடிவிட்டது என்று ஊரில் கதை பரவும்.

இன்னொன்று. கூகுள் முன்பு இலவசமாகக் கொடுத்த சிறு இணையத்தளங்களை 2024 மார்ச்சில் நிறுத்திவிட்டது. அந்தக் காலத்தில் பதிந்த பல கடைகளின் விபரக்கொத்துப் பதிவுகளில் இப்போதும் அந்தச் செத்த இணைப்பே இருக்கிறது. அட்டவணையில் இணைப்புகளையும் அழுத்திப் பாருங்கள்.

மூன்றாம்படி: கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல்

கூகுள் தேடலிலும் வரைபடத்திலும் உங்கள் கடையைக் காட்டும் பதிவு இது, 2021 நவம்பர் வரை கூகுள் மை பிசினஸ் என்று இருந்தது. இலவசம். இலங்கையில் வேறு எந்த விபரக்கொத்தைவிடவும் இதற்குத்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும்.

கடையின் பெயரில் ஒரு ஜிமெயில் கணக்கு உருவாக்கி அதில் ஆரம்பியுங்கள். மகன், மருமகள், விளம்பரம் பார்ப்பவர் எவரானாலும் அவர்களை நிர்வாகியாகச் சேர்க்கலாம், உரிமையாளர் கணக்கு உங்கள் கையில் இருக்கட்டும்.

உறுதிப்படுத்தலுக்கு இப்போது அதிகம் கேட்பது வீடியோ. கடையின் இருப்பிடம், கடை உண்மையில் நடக்கிறது என்பது, அதை நடத்துபவர் நீங்கள்தான் என்பது ஆகிய மூன்றையும் இடையில் வெட்டாமல் ஒரே ஓட்டத்தில் காட்ட வேண்டும். வீதிப் பெயர்ப்பலகையிலிருந்து தொடங்குங்கள், பக்கத்துக் கடைகள் தெரியட்டும், உங்கள் பலகையைக் காட்டுங்கள், ஷட்டரையோ பூட்டையோ திறந்து உள்ளே போங்கள், தையல் மெஷின்கள், பில் புத்தகம், சுவரில் தொங்கும் மாநகர சபை அனுமதிப்பத்திரம். முகங்களையும் வங்கி விபரங்களையும் காட்ட வேண்டாம். புறக்கோட்டையில் கடை என்றால் காலையில் கூட்டம் வர முன் எடுங்கள். பத்து மணிக்குப் பிறகு பிரதான வீதியில் நின்று ஆடாமல் அசையாமல் வீடியோ எடுத்துவிட்டால் நீங்கள் அதையே தொழிலாகப் பார்க்கலாம்.

அடுத்து வரைபடப் புள்ளி. செயற்கைக்கோள் காட்சியில் பெரிதாக்கி, கட்டடத்தின் வாசல் பக்கம் புள்ளியை நகர்த்துங்கள். காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் போகும் ஒழுங்கைகளில் புள்ளி ஒரு ஒழுங்கை தள்ளி விழுந்தால், ஆட்டோவில் வரும் அம்மா தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

கடையே இல்லாமல் வீட்டிலிருந்து கேட்டரிங், ஏ.சி. திருத்தம், மணமகள் அலங்காரம் செய்பவர்கள் முகவரியை மறைத்து, சேவை செய்யும் பகுதிகளைக் குறிக்கலாம், 20 பகுதிகள் வரை. ஆனால் நுகேகொடை, மொரட்டுவை என்று எழுதிவிட்டால் அங்கேயும் மேலே வருவோம் என்று எதிர்பார்க்காதீர்கள். தூரக் கணக்கு நீங்கள் உறுதிப்படுத்திய முகவரியிலிருந்துதான் போகிறது.

உறுதியான பிறகு பெயர், முகவரி, வகை மூன்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம். மீண்டும் உறுதிப்படுத்தக் கேட்கும், அல்லது பதிவு முடங்கும். முடங்கினால் முறையீட்டில் கேட்கப்படும் ஆவணங்கள் பி.ஆர். சான்றிதழ், வர்த்தக அனுமதிப்பத்திரம், மின்சார பில் போன்றவை. அவற்றில் உள்ள பெயரும் முகவரியும் பதிவோடு ஒத்துப்போக வேண்டும். முதற்படியின் தாளை அந்த வேளையில் கையில் எடுப்பீர்கள்.

நான்காம்படி: வகை

உங்கள் கட்டுப்பாட்டில் உள்ளவற்றுள் தரவரிசையை மிக வேகமாக அசைப்பது இதுதான் என்பது என் கருத்து. முதன்மை வகை ஒன்று, மேலதிக வகைகள் 9 வரை. கூகுளின் பட்டியலிலிருந்துதான் தெரிவுசெய்ய வேண்டும், நாமாக எழுத முடியாது.

நம் தையல் கடைக்காரர் ‘பெண்கள் ஆடைக் கடை’ என்று பதிந்திருந்தால், அவர் காலி வீதியில் உள்ள பெரிய புடவைக்கடைகளோடு போட்டி போடுகிறார். தோற்பது நிச்சயம். ‘டிரெஸ்மேக்கர்’ என்பதை முதன்மையாக்கி, ‘டெய்லர்’, ‘உடை திருத்தும் சேவை’ என்பவற்றை மேலதிகமாகச் சேர்த்தால் போட்டியே வேறு. செட்டியார் தெருவில் எல்லோரும் ‘நகைக்கடை’தான். அங்கே பழைய தங்கம் வாங்குவதோ நகை திருத்துவதோ உங்கள் வருமானத்தில் பெரிய பங்கு என்றால், அதற்குரிய வகையையும் சேர்த்து வையுங்கள். பஞ்சிகாவத்தைக்காரர்கள் ‘வாகன உதிரிப்பாகம்’ என்பதோடு நின்றுவிடுகிறார்கள். ‘பாவித்த உதிரிப்பாகம்’ விற்பவர் அதைச் சொல்ல வேண்டும்.

சரியான வகையைக் கண்டுபிடிக்கச் சுலபமான வழி: உங்கள் வாடிக்கையாளர் தேடும் சொல்லைத் தேடி, முதல் மூன்றில் வரும் கடைகளின் பெயருக்குக் கீழே என்ன வகை எழுதியிருக்கிறது என்று பாருங்கள். எந்தச் சொல்லைத் தேடுகிறார்கள் என்பதையும் ஊகிக்க வேண்டாம். தேடல் பெட்டியில் பாதி தட்டியதும் கூகுள் மீதியைக் காட்டும். கொழும்பில் தமிழர்கள் ஆங்கில எழுத்தில்தான் அதிகம் தட்டுகிறார்கள். குரலில் தேடும்போது தமிழ் வருகிறது. இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு சேவைகள் பகுதி. பிளவுஸ், சல்வார், லெஹெங்கா, ஆரி வேலைப்பாடு, அவசரத் தையல் என்று ஒவ்வொன்றாக. வகையை ஒரு முறை சரியாக வைத்துவிட்டால் அதை மாதம் மாதம் நோண்ட வேண்டாம்.

ஐந்தாம்படி: விளக்கம், படம், நேரம்

விளக்கம் 750 எழுத்துகளுக்குள். அதில் இணைப்பும் தள்ளுபடி விலையும் போடக் கூடாது. இது வாசிப்பவருக்காக எழுதுவது, சொற்களை அடுக்கினால் வரிசை உயராது. ஆங்கிலத்தில் சில வரி, தமிழில் சில வரி எழுதினால் போதும். என்ன தைக்கிறீர்கள், எத்தனை நாளில் கொடுப்பீர்கள், எங்கே வாகனம் நிறுத்தலாம். கடைசியில் சொன்னது காலி வீதி ஓரமுள்ள எந்தக் கடைக்கும் பெரிய தகவல்.

படங்கள் ஜேபிஜி அல்லது பிஎன்ஜி, 5 எம்பிக்குள், 720க்கு 720 பிக்சல் அளவாவது இருக்கட்டும். வாசல் படம் முக்கியம், வீதியிலிருந்து பார்த்தால் எப்படித் தெரியுமோ அப்படி. இணையத்தில் எடுத்த மாடல் அழகியின் படத்தைப் போடாதீர்கள். நீங்கள் தைத்ததை, வாடிக்கையாளரின் சம்மதத்தோடு போடுங்கள்.

நேரம் பற்றி அதிகம் சொல்ல வேண்டும். ஒரு பொதுவான சொல்லைத் தேடும்போது அந்த நேரத்தில் கடை திறந்திருக்கிறதா என்பதும் வரிசையைப் பாதிக்கிறது என்று 2023இன் இறுதியில் கூகுள் தரப்பிலிருந்தே உறுதிசெய்தார்கள். உடனே சிலர் 24 மணி நேரமும் திறந்திருப்பதாகப் போட்டார்கள். இரவு பதினொரு மணிக்கு வந்து மூடிய ஷட்டரைப் பார்த்தவர் ஒற்றை நட்சத்திரம் கொடுப்பார், அது உங்களோடு நிரந்தரமாக இருக்கும். உண்மையான நேரத்தைப் போடுங்கள், ஆனால் முழுமையாகப் போடுங்கள். இரவு எட்டரை வரை திறந்திருப்பவர் ஆறு மணி என்று பதிந்து வைத்திருந்தால், வேலை முடிந்து வருபவர்கள் தேடும் அந்த இரண்டரை மணி நேரத்தை அவரே தூக்கி எறிகிறார்.

நமது நாட்காட்டியோ சிக்கலானது. மாதம் ஒரு போயா, தைப்பொங்கல், ஏப்ரல் 13, 14இல் புத்தாண்டு, வெசாக், பெருநாட்கள், தீபாவளி. வெள்ளிக்கிழமை மதியம் ஜும்ஆவுக்கு மூடும் புறக்கோட்டைக் கடைகள். இவற்றுக்கெல்லாம் ‘விசேட நேரம்’ என்ற வசதி இருக்கிறது. புத்தாண்டுக்கு எந்த நாளில் திறக்கிறீர்கள் என்பதை முன்கூட்டியே இடுங்கள். வெள்ளி மதிய இடைவேளையை வழமையான நேரத்திலேயே இரண்டு துண்டாகப் பிரித்து எழுதலாம்.

ஆறாம்படி: மற்ற விபரக்கொத்துகள்

ஐந்நூறு விபரக்கொத்துகளில் பதிந்து தருகிறோம் என்று விளம்பரங்கள் வரும். வேண்டாம். தரமற்ற விபரக்கொத்து இணைப்புகளைக் கூகுள் தன் விதிகளிலேயே இணைப்பு மோசடிக்கு உதாரணமாகச் சொல்லியிருக்கிறது. 2012இல் இப்படிப்பட்ட இணைப்புகளைப் பின்தள்ளும் ‘பென்குயின்’ மாற்றம் கூகுளில் வந்தபோதே அந்த வியாபாரம் முடிந்துவிட்டது, விற்பவர்கள் மட்டும் மிஞ்சியிருக்கிறார்கள். விபரக்கொத்துகள் பல தரும் இணைப்புகள் ‘நோஃபாலோ’ வகை, அதாவது இதைப் பரிந்துரையாக எடுக்க வேண்டாம் என்று தேடுபொறிக்குச் சொல்லும் குறியோடு வருபவை. 2019 செப்டெம்பரிலிருந்து கூகுள் அதை ஒரு குறிப்பாக மட்டும் எடுத்துக்கொள்கிறது. ஆகவே இணைப்புக்காகப் பதியாதீர்கள். இரண்டு காரணங்களுக்காகப் பதியுங்கள்: உங்கள் பெயர், முகவரி, இலக்கம் இன்னொரு நம்பகமான இடத்திலும் அதேபோல் இருப்பது ஒன்று. அந்த விபரக்கொத்தின் பக்கமே கூகுளில் மேலே வருவது மற்றது.

இரண்டாவதை யாரும் கவனிப்பதில்லை. உங்கள் தொழிலையும் ஊரையும் சேர்த்துத் தேடுங்கள். முதற்பக்கத்தில் எந்த விபரக்கொத்துகள் வருகின்றன? அவற்றில்தான் நீங்கள் இருக்க வேண்டும், அதுவும் அவற்றின் வகைப் பக்கத்தில் மேலே. கூகுளில் உங்களால் தாண்ட முடியாத ஒரு தளத்தின் உள்ளே முதலாவதாக நிற்பது எவ்வளவோ சுலபம். எல்லாப் பெட்டிகளையும் நிரப்பி, படங்கள் சேர்த்து, சரியான உட்பிரிவைத் தெரிவுசெய்தாலே பல தளங்களில் முன்னுக்கு வந்துவிடலாம், ஏனென்றால் மற்றவர்கள் பெயரையும் இலக்கத்தையும் மட்டும் இட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். முதற்பக்கத்தில் வராத விபரக்கொத்துக்குக் கட்டணம் கட்ட வேண்டாம்.

பொதுவாகப் பார்க்க வேண்டியவை: எஸ்எல்டியின் (ஸ்ரீலங்கா டெலிகொம்) தொலைபேசி விபரக்கொத்தான ரெயின்போ பேஜஸ், பேஸ்புக் பக்கம், மைக்ரோசொஃப்ட்டின் பிங் தேடுபொறிக்கான பிங் பிளேசஸ், ஆப்பிள் வரைபடத்தில் கடையைப் பதியும் சேவை. பிங்குக்குக் கூகுள் பதிவையே இறக்குமதி செய்யலாம், அதிக நேரம் எடுக்காது. ஆப்பிளின் சேவை 2023 ஜனவரியில் ‘பிசினஸ் கனெக்ட்’ என்ற பெயரில் வந்தது, கொழும்பில் பலர் இன்னும் தொடவில்லை. வெளிநாட்டு உறவினர்கள் பலர் கையில் ஐபோன், அவர்கள் திறப்பது ஆப்பிள் வரைபடம். யாரும் திருத்தக்கூடிய இலவச வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் தமிழ்ப் பெயருக்கென்று தனி இடமே உண்டு.

தொழிலுக்கேற்றவை வேறு. மருத்துவர்களுக்கு டாக் 990, இ-சேனலிங். சாப்பாட்டுக்கடைக்கு பிக்மீ, ஊபர் ஈட்ஸ். தங்குமிடத்துக்கு ட்ரிப்அட்வைசர், புக்கிங். வீடு, காணி என்றால் இக்மன், லங்கா ப்ராப்பர்ட்டி வெப். தையல் கடைக்கு இவை ஒன்றும் தேவையில்லை. ஆனால் கல்யாண ஏற்பாட்டாளர்களின் பட்டியல் ஒன்றில் இடம் கிடைத்தால் அது பத்துப் பொது விபரக்கொத்துக்குச் சமம்.

ஏழாம்படி: சொந்தமாக ஒரு பக்கம்

பெரிய தளம் தேவையில்லை, ஒரு பக்கம் போதும். தாளில் எழுதிய பெயர், முகவரி, இலக்கம் அதில் எழுத்தாக இருக்க வேண்டும். படத்துக்குள் எழுதியதைத் தேடுபொறி வாசிப்பது நிச்சயமில்லை. பக்கத்தைச் செய்பவரிடம் ‘லோக்கல் பிசினஸ் ஸ்கீமா’ சேர்க்கச் சொல்லுங்கள். கடையின் விபரங்களை இயந்திரம் வாசிக்கும் வடிவில் பக்கத்துக்குள் எழுதி வைப்பது அது. ‘சேம் ஆஸ்’ என்ற வரியில் உங்கள் பேஸ்புக், கூகுள், விபரக்கொத்துப் பதிவுகளின் இணைப்புகளை இடலாம். இவை எல்லாம் ஒரே கடைதான் என்று நேரடியாகச் சொல்ல உங்களுக்குக் கிடைக்கும் இடம் அதுதான்.

டொமைன் (தளத்தின் இணைய முகவரி) வாங்குவதானால் .எல்கே நல்லது, இலங்கைக்கான தளம் என்பது கூகுளுக்கு அதிலேயே தெரியும். .இலங்கை என்ற தமிழ் டொமைனும் உண்டு, ஆசையாக இருந்தால் கூடுதலாக வாங்கி வையுங்கள். போனில் ஒருவருக்கு எழுத்துக்கூட்டிச் சொல்ல .எல்கே வசதி.

எட்டாம்படி: ரிவியூ

ரிவியூக்களின் எண்ணிக்கையும் நட்சத்திரமும் உள்ளூர் வரிசைக்கு உதவும் என்று கூகுள் சொல்கிறது. அதற்கு மேல், ரிவியூவில் எழுதிய சொற்களை எடுத்தே தேடல் முடிவின் கீழ் சிறு வரியாகக் காட்டுகிறது. யாரோ ‘பிளவுஸ் அளவு கச்சிதம்’ என்று எழுதியிருந்தால் பிளவுஸ் தேடுபவருக்கு அந்த வரி தெரியலாம்.

நம்மவர்கள் நேரில் வாயாரப் புகழ்வார்கள், எழுதச் சொன்னால் ‘கட்டாயம், கட்டாயம்’ என்று போய்விடுவார்கள். கேட்கும் நேரம்தான் விடயம். உடையைப் போட்டுப் பார்த்துக் கண்ணாடி முன் சிரிக்கும்போது கேளுங்கள். ப்ரொஃபைலில் ரிவியூ இணைப்பும் கியூஆர் குறியீடும் கிடைக்கும். குறியீட்டை அச்சடித்துக் காசாளர் மேசையில் ஒட்டுங்கள், இணைப்பைப் பில்லோடு வட்ஸ்அப்பில் அனுப்புங்கள். தமிழில் எழுதலாமா என்று கேட்பார்கள், தாராளமாக. வசனத்தை நீங்கள் எழுதிக் கொடுக்காதீர்கள்.

தள்ளுபடி கொடுத்து ரிவியூ வாங்குவது, திருப்தியானவர்களை மட்டும் வடிகட்டிக் கேட்பது, ஊழியர்களும் குடும்பத்தினரும் எழுதுவது எல்லாம் விதிமீறல். கல்யாண வீட்டில் வைத்து முப்பது சொந்தக்காரரிடம் ஒரே இரவில் எழுதி வாங்கினால் வடிகட்டியில் சிக்கும். கிழமைக்கு ஒன்றிரண்டு வருவதே நல்ல வேகம்.

மோசமான ரிவியூவுக்குப் பதில் எழுதும்போது அதை எழுதியவருக்கு மட்டுமல்ல, அடுத்து வாசிக்கப்போகும் நூறு பேருக்கு எழுதுகிறீர்கள் என்று நினையுங்கள். ‘நீங்கள் எங்கள் வாடிக்கையாளரே இல்லை’ என்று பாய வேண்டாம். ‘தாமதத்துக்கு மன்னிக்கவும், பில் இலக்கத்தோடு இந்த எண்ணுக்கு எடுத்தால் சரிசெய்து தருகிறோம்’ என்று இரண்டு வரி.

ஒன்பதாம்படி: அளந்து பாருங்கள்

உங்கள் கடையில் நின்று உங்கள் போனில் தேடினால் நீங்கள்தான் முதலாவதாக வருவீர்கள். அது ஒன்றையும் நிரூபிக்காது. பம்பலப்பிட்டியில், கிருலப்பனையில், தெஹிவளையில் உள்ளவர்களிடம் ஒரே சொல்லைத் தேடி ஸ்கிரீன்ஷொட் அனுப்பச் சொல்லுங்கள். மாதம் ஒரு முறை, அதே ஆட்கள், அதே சொற்கள்.

ப்ரொஃபைலின் செயல்திறன் பகுதியில் எந்தச் சொற்களுக்குக் கடை தெரிந்தது, எத்தனை பேர் அழைத்தார்கள், வழி கேட்டார்கள் என்று இருக்கும். அந்தத் தரவு 6 மாதங்களுக்குத்தான் கிடைக்கும், ஆகவே மாத முடிவில் ஒரு கொப்பியில் குறித்துவையுங்கள். இடம் மூன்றா ஐந்தா என்பதைவிட அழைப்பு கூடியதா என்பதைப் பாருங்கள். வழி கேட்பவர் கூடியும் கடைக்கு ஆள் வரவில்லை என்றால் புள்ளி பிழையாக இருக்கலாம்.

இடையில் ‘கூகுளிலிருந்து பேசுகிறோம், உங்கள் பதிவு காலாவதியாகிறது’ என்று அழைப்புகள் வரும். பதிவு காலாவதியாவதில்லை, அதற்குக் கட்டணமும் இல்லை. குறுஞ்செய்தியில் வரும் உறுதிப்படுத்தல் இலக்கத்தை யாருக்கும் வாசித்துச் சொல்லாதீர்கள்.

கடையை இடம் மாற்றும்போது

வாடகை கூடினால் கடை அடுத்த வீதிக்குப் போகும், கொழும்பில் இது வழமை. அப்போது புதுப் பதிவு திறக்க வேண்டாம், சேர்த்த ரிவியூ எல்லாம் பழையதோடு போய்விடும். புது இடத்தில் பெயர்ப்பலகை மாட்டிய பிறகு, இருக்கும் பதிவிலேயே முகவரியை மாற்றுங்கள். மீண்டும் வீடியோ கேட்டால் எடுத்துக் கொடுங்கள். அதே நாளில் உங்கள் சொந்தப் பக்கத்தையும், அந்தக் கிழமைக்குள் அட்டவணையில் உள்ள மற்ற எல்லாப் பதிவுகளையும் திருத்துங்கள். தொலைபேசி இலக்கத்தை மாற்ற வேண்டியிருந்தால் முகவரி நிலைத்த பிறகு, சில கிழமைகள் கழித்து மாற்றுங்கள். பழைய இலக்கத்தை உடனே துண்டிக்காமல் புதியதற்குத் திருப்பி விடுங்கள். புது இடம் இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருந்தால் பழைய பகுதியில் வரிசை இறங்கும், அது தூரக் கணக்கு, உங்கள் பிழை அல்ல. பழைய கடை வாசலில் புது முகவரியும் கியூஆர் குறியீடும் உள்ள ஒரு பலகையை விட்டுவைக்கக் கட்டட உரிமையாளரிடம் கேட்டுப் பாருங்கள், பலர் ஒரு மாதத்துக்காவது சம்மதிப்பார்கள்.